கைத்தட்டலுக்கு வழங்கிய தீர்ப்பு

நான் அறியாத ஒன்றை அறிந்தவன்போல் உரைத்தேன். அதை நம்பி ஒரு பெண் தன் வேலையை விட்டாள்.

இதுதான் என் குற்றம். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு நன்றாகத் தெரியும். வாழ்நாளெல்லாம் அதைத்தான் செய்து வந்திருக்கிறேன். ஆகவேதான் இம்முறை நேராகச் சொன்னேன்... சொன்ன பிறகும் நெஞ்சு அமரவில்லை!

நீங்கள் என்னைப் பார்த்திருக்கக்கூடும். மலாக்கா மாநிலத்துத் தோட்டப்புறக் கோயில்களிலும் நகர மண்டபங்களிலும் பட்டிமன்றம் நடந்தால், நடுவர் நாற்காலியில் தோள்துண்டோடு அமர்ந்திருப்பவன் நான். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியனாய் இருந்து ஓய்வு பெற்றவன். அயற்சொல் கலவாமல் பேசுபவன் என்று பெயரெடுத்தவன். கடைக்குப் போனாலும் அப்படித்தான் பேசுவேன். கடைக்காரர் சிரிப்பார், ஆனால் எழுந்து நின்றுதான் பொருளைக் கொடுப்பார். அந்த மதிப்பை நான் எதற்குச் செலவிட்டேன் என்பதையே இனிச் சொல்லப் போகிறேன்.

பட்டிமன்றம் எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு தலைப்பு, இரண்டு அணிகள், இறுதியில் நடுவரின் தீர்ப்பு. உங்களுக்குத் தெரியாதது ஒன்றுண்டு. வாதங்களைக் கேட்டு, எடைபோட்டு, அதன் பின்னரே நடுவர் தீர்ப்புரைக்கிறார் என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். நான் அப்படிச் செய்ததில்லை. இரண்டு தீர்ப்புகளையும் முதல் நாளே மனத்தில் செதுக்கி வைத்துக்கொண்டுதான் மேடையேறுவேன். இரண்டும் அழகாக இருக்கும். இரண்டிலும் எதுகை மோனை துள்ளும். எந்த அணிக்குக் கைத்தட்டல் மிகுகிறதோ, அந்தத் தீர்ப்பை எடுத்து விரிப்பேன். மாமியாரா மருமகளா, பணமா பாசமா என்னும் தலைப்புகளுக்கு இதனால் யாருக்கும் ஒரு தீங்கும் நேர்ந்ததில்லை. மக்கள் சிரித்தார்கள், சாப்பிட்டார்கள், வீட்டுக்குப் போனார்கள்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையின் தலைப்பு அத்தகையதன்று.

அப்போது நாடெங்கும் ஒரே பேச்சு. கடலுக்கு அப்பாலுள்ள பெரிய நாடொன்று நம் ஏற்றுமதிப் பொருள்கள்மீது சுங்கவரியை உயர்த்தியிருந்தது. நம் நாட்டுத் தலைவர் அந்நாட்டாரோடு வணிகப் பேச்சு நடத்தினார். ஓர் உடன்படிக்கையும் கையெழுத்தாயிற்று. அதில் நாம் பெற்றது எவ்வளவு, விட்டுக்கொடுத்தது எவ்வளவு... எவருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. தெளிவில்லாத இடத்தில் ஐயம் தழைத்தது. தேநீர்க் கடையில் ஒருவர், "நம்மள மொத்தமா எழுதிக் குடுத்துட்டாரு லா" என்பார். பக்கத்து மேசைக்காரர், "வேற எவன் போனாலும் இவ்ளோதான்யா கெடைக்கும், அவன் பெரிய தவுக்கே" என்பார். முதலாளியைக் குறிக்கும் அந்தச் சீனச் சொல்லுக்குள் எல்லாப் பொருளியலும் அடங்கிவிடும். இருவரும் ஒரே நாளிதழை விரித்து வைத்துக்கொண்டுதான் இப்படிப் பேசினார்கள்.

நாங்கள் வாழும் பத்து பெரண்டாமில் இது வெறும் வாய்ப்பேச்சன்று. எங்கள் குடியிருப்புக்கு அப்பால், விமான நிலையச் சாலையையொட்டி, தடையற்ற வணிக வட்டாரத்தின் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. அங்கே செய்யப்படும் மின்னணுப் பொருள்களுள் பல அந்தப் பெரிய நாட்டுக்கே போகின்றன. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது அந்த வேலிக்குள் வேலை செய்கிறார். ஆகவே தலைவர் எங்கோ ஒரு மேசையில் பேசியது எங்கள் அடுக்களைகளில் கேட்டது.

கோயிற் செயலாளர் தனபாலன் இதைத் தலைப்பாக்கினார். "தலைவரின் வணிகப் பேச்சு நாட்டை வாழ வைக்குமா, வளைய வைக்குமா?" தலைப்பை வகுத்துக் கொடுத்தவன் நானே. அன்று காலை மண்டபத்தின் பின்புறம் தோசை தின்றுகொண்டே அவர் என்னிடம் குனிந்தார்.

"ஐயா, சனங்க கடுப்புல இருக்காங்க. கொஞ்சம் சிரிக்க வச்சி அனுப்புங்க. தீர்ப்பத் தலைவர் பக்கம் போட்டீங்கன்னா, சாப்பாட்டுக்குக்கூட எவனும் நிக்க மாட்டான் லா!"

"வாதங்களைக் கேட்ட பின்னரே தீர்ப்புப் பிறக்கும், தம்பி."

"பொறக்கட்டும், பொறக்கட்டும். பொறக்கறது நம்ம புள்ளயா இருந்தா சரி!"

நானும் சிரித்தேன்.

தலைவருக்காகப் பேச வந்தவர் வங்கியில் பணிபுரியும் ஓர் இளம்பெண். நாணமுடையவர். உடன்படிக்கையை எடுத்துப் படித்துவிட்டு வந்திருந்தார் என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது. எந்தெந்தப் பொருளுக்கு வரி உண்டு, எவற்றுக்கு இப்போதைக்கு இல்லை, எந்த விதி மாறக்கூடியது என்று ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். நம் வட்டாரத்தில் செய்யும் பொருள்களுள் பல அந்த வரிக்குள் இன்னும் வரவில்லை. அது நிலைக்குமா என்பது இன்னும் முடிவாகவில்லை. அஞ்சவும் வேண்டா, ஆடவும் வேண்டா, காத்திருந்து பார்க்க வேண்டும் என்றார். கூட்டம் கொட்டாவி விட்டது. ஒரு குழந்தை அழுதது. பின்கட்டில் அண்டாவை இழுக்கும் ஓசை அவர் குரலை மூழ்கடித்தது.

எதிரணியில் சிம்பாங் அம்பாட்டிலிருந்து வந்த காப்பீட்டு முகவர் ஒருவர். ஒலிவாங்கியைக் கையில் எடுத்ததுமே ஆரம்பித்தார்.

"எங்கம்மாவ ஜாசின் பாசாருக்கு அனுப்புனா, காசுக்கு மீனு வாங்கிட்டு, கூட ரெண்டு எறா, ஒரு கட்டு கருவேப்பில எல்லாம் சும்மா வாங்கிட்டு வரும். நம்ம தலைவர அனுப்புனோம்... மீனும் வரல, கூடையயும் குடுத்துட்டு வந்துட்டாரு லா!"

மண்டபம் அதிர்ந்தது! முன்வரிசையில் இருந்த முதியவர்கள் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். "இன்னொண்ணு எடுத்து விடுங்க பாஸ்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அந்தச் சிரிப்பில் அச்சம் இருந்தது. வேலை போய்விடுமோ என்று உள்ளூர நடுங்கிய மக்கள், யாரோ ஒருவரைக் கேலி செய்து அந்த நடுக்கத்தை உதறினார்கள். மேடையிலிருந்து பார்த்த எனக்கு அது புலப்பட்டது. புலப்பட்டும்... அந்தச் சிரிப்பின்மீது ஏறிக்கொள்ளவே என் மனம் பரபரத்தது.

என் முறை வந்தது. எழுந்தேன். வங்கிப் பெண்ணின் வாதத்தை இரண்டு சொற்களில் பாராட்டி ஒதுக்கினேன். பிறகு குரலை உயர்த்தினேன்.

"நம் தலைவர் பெற்று வந்தது வாழ்வு அன்று, தவணை! கதவு மூடப்படுகிறது, ஐயன்மீர்! மூடும்வரை உள்ளே காத்திருப்பவன் ஏமாளி. மூடுமுன் வெளியே வருபவன் அறிவாளி!"

கைத்தட்டல் ஓயவில்லை. தனபாலன் சால்வை போர்த்தினார். காப்பீட்டு முகவர் என் காலில் விழுந்தார்.

உங்களிடம் மறைக்க எனக்கு இனி ஒன்றுமில்லை. அந்த உடன்படிக்கையின் ஒரு வரியைக்கூட நான் அன்று படித்திருக்கவில்லை. அது எவரும் எடுத்துப் படிக்கக் கூடியதாக இருந்தது, நான் எடுக்கவில்லை. 'கதவு' என்று எதைச் சொன்னேன்? எனக்கே தெரியாது! அந்தச் சொற்றொடரின் இரண்டு பாதிகளும் ஒத்த ஓசையில் முடிந்தன. அதனாலேயே அவற்றை வைத்தேன். தலைவரை ஐயுற்ற அந்தக் கூட்டம் என்னை ஐயுறவில்லை. நாட்டின் தலைவர் சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்பவர்கள், நான் சொன்னால் ஏன் ஒன்றுகூடக் கேட்கவில்லை? தூய தமிழில் சொன்னதாலா?

ஒருத்தி மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை. வீட்டு முன்புறம், மகிழுந்து நிறுத்தும் கூரையடியில் நானும் பக்கத்து வீட்டுக் கோவிந்தசாமியும் அமர்ந்திருந்தோம். அவர் நிலக்கணக்கு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். என் தீர்ப்பைச் சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொல்லி வியந்துகொண்டிருந்தார். "ஏமாளி, அறிவாளி! எப்புடி ஐயா வருது ஒங்களுக்கு?" நான் அடக்கமாகத் தலையசைத்துக்கொண்டு, அவர் இன்னொரு முறை சொல்லமாட்டாரா என்று காத்திருந்தேன்.

புவனேஸ்வரி வாயிற்கதவருகே வந்து நின்றாள். எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரி. ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் மரப்பால் வெட்டும் குடும்பத்தில் பிறந்து, திருமணமாகி இங்கே வந்தவள். இளமை முழுவதையும் அந்த ஒரே தொழிற்சாலையில், சோதனைப் பிரிவில் கழித்தவள். கணவர் மணியம் பாரவுந்து ஓட்டியவர். முதுகுத்தண்டு கெட்டு வீட்டில் இருக்கிறார். அவருடைய மருத்துவச் செலவைத் தொழிற்சாலையின் மருத்துவ அட்டையே தாங்கி வந்தது. அன்று அவள் நீல மேலங்கியோடு வேலைக்குப் புறப்பட்டிருந்தாள். தொழிற்சாலைப் பேருந்து தெருமுனைக்கு வரும் நேரம்.

"ஐயா, சாப்டாச்சா? ஒண்ணு கேக்கணும். நேத்து கதவு மூடப் போவுதுன்னு சொன்னீங்களே... நெசமாவா?"

"ஏனம்மா கேட்கிறாய்?"

"கம்பெனில வி.எஸ்.எஸ். குடுக்கறாங்க ஐயா. விருப்பப்பட்டவங்க எழுதிக் குடுத்துட்டுப் போலாம், இப்பவே வேலைய விட்டுப் போறவங்களுக்குக் கொஞ்சம் கூடக் காசு குடுத்து அனுப்புவாங்களாம். இன்னிக்கு கடசி நாளு. இந்த வரிப் பிரச்சனையில கம்பெனிய வியட்நாமுக்குத் தூக்கிடுவாங்க, அப்பறம் ஒண்ணும் கெடைக்காதுன்னு பாதி பேரு சொல்றாங்க. லெச்சுமி இல்ல, எங்கூட லைன்ல இருக்காளே... அவ போவாதடின்றா. தலைவரு பேசி முடிச்சிட்டேன்னு சொல்றாரு, அத எவன் நம்புறது? நீங்க படிச்சவங்க. அதான் ஒரு வார்த்த கேட்டுட்டு ஏறலாம்னு வந்தேன்."

இப்போது நீங்கள் என்னைப் பாருங்கள். நன்றாகப் பாருங்கள்! "அம்மா, அது மேடைப் பேச்சு, எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த வங்கிப் பெண் சொன்னதை எண்ணிப் பார்" — இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. சிறு குழந்தையும் சொல்லிவிடும். நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் கோவிந்தசாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றுப் போர்த்திய சால்வை உள்ளே நாற்காலி முதுகில் கிடந்தது.

"ஆராயாமல் தீர்ப்புரைக்கும் வழக்கம் எனக்கில்லை, அம்மா" என்றேன்.

சொன்னேன்! பொய்யைக்கூடப் பிழையில்லாமல் சொன்னேன்!

கோவிந்தசாமி சேர்ந்துகொண்டார். "ஐயாவ போயி கேக்குறியே பிள்ள! அவரு என்னா, டிவில வர்றவனுங்க மாதிரி பேசுறவரா?"

பேருந்தின் ஊதல் கேட்டது. "சரி ஐயா, நீங்க சொன்னா போதும்" என்று அவள் ஓடினாள். ஓடும்போது முகத்தில் ஒரு தெளிவு. நான் கொடுத்த தெளிவு... அன்று மாலை திரும்பியபோது அவள் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

தொழிற்சாலை மூடவில்லை.

வியட்நாமுக்கும் போகவில்லை, வேறெங்கும் போகவில்லை. பேருந்து எப்போதும்போல் தெருமுனைக்கு வந்தது; லெச்சுமி ஏறினாள்; புவனேஸ்வரி ஏறவில்லை. அவ்வளவுதான் வேறுபாடு. கிடைத்த தொகை வீட்டுக் கடனுக்குள் இறங்கி மறைந்தது. மருத்துவ அட்டை போயிற்று. மணியம் அரசு மருத்துவமனை வரிசைக்கு மாறினார். புதிய தொழிற்சாலைகள் அவள் அகவையைக் கேட்டவுடன் கையை விரித்தன. இறுதியில் அதே வட்டாரத்தில், வேறொரு கட்டடத்தில், துப்புரவுப் பணி கிடைத்தது. நீல மேலங்கி போய் மஞ்சள் மேலங்கி வந்தது.

ஒருநாள் கோயிலில் உணவு வழங்கும்போது லெச்சுமி அவளிடம் பேசுவது என் காதில் விழுந்தது. நான் தூணுக்கு அப்பால் இருந்தேன்.

"பட்டிமன்றத்தக் கேட்டுட்டு எவளாச்சும் வேலைய விடுவாளாடி? அது சிரிக்கறதுக்குடி! மாமியார் கொடுமன்னு அங்க தீர்ப்பு சொன்னா, நீ ஒம்மாமியார போலீசுல குடுப்பியா?"

"ஐயா ஆராஞ்சுதான் சொன்னாரு. நான் வீட்டுக்கே போயி கேட்டேன்."

"அப்ப கம்பெனி ஏண்டி இன்னும் தொறந்திருக்கு?"

"மூடும். கொஞ்சம் லேட்டாவுது, அவ்ளோதான்."

என் கையிலிருந்த தட்டைத் தூணடியில் வைத்தேன். நான் தூணைச் சுற்றிக்கொண்டு மறுவாயில் வழியாக வெளியேறினேன். ஆம், ஓடினேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகுதான் உடன்படிக்கையைப் படிக்கத் தொடங்கினேன். வெட்கத்தோடு சொல்கிறேன்... அகரமுதலியை அருகில் வைத்துக்கொண்டு, ஆங்கிலச் சட்ட நடையின் முட்புதருக்குள் புகுந்து, பல நாள் படித்தேன். நம் தலைவர் ஏமாந்தார் என்று காட்ட ஓரிடம் கிடைக்கும். வென்றார் என்று காட்ட மறுபக்கத்தில் ஓரிடம் கிடைக்கும். பலவும் இனி நடப்பதைப் பொறுத்தவை. மக்கள் ஐயுறுவதற்கு இடமிருந்தது. அவர்கள் ஐயத்தை நான் பழிக்கவில்லை. ஐயம் ஒரு கேள்வி. நான் அதை எடுத்து விடையாக்கினேன்! அவர்கள் "தெரியவில்லையே" என்று நடுங்கி நின்றபோது "எனக்குத் தெரியும்" என்றேன். அதுதான் நான் செய்த கேடு.

படித்து முடித்ததும் அவளிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. தெருக்கோடி வரை நடப்பேன், அவள் வீட்டு வாயிலில் மணியம் அமர்ந்திருப்பார், "வாங்க ஐயா, தே ஓ போடச் சொல்லவா?" என்பார். வெறுந்தேநீர் வேண்டா என்று கையசைத்துவிட்டுத் திரும்புவேன்.

இவ்வளவும் கேட்டு, 'இது எல்லாரும் செய்கிற பிழைதானே' என்று நீங்கள் இரங்கக்கூடும். இரங்காதீர்கள்! இனிச் சொல்வதைக் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

அந்தத் தொழிற்சாலை மூடப்பட வேண்டும் என்று நான் விரும்பினேன்.

ஆம். நாள்தோறும் விடியலில் நாளிதழைப் பிரித்தவுடன் வணிகப் பேச்சைப் பற்றிய செய்தியைத்தான் தேடுவேன். பேச்சு முறிந்தது என்றிருக்குமா... வரி ஏறியது என்றிருக்குமா... பத்து பெரண்டாமில் ஆட்குறைப்பு என்றிருக்குமா... இல்லையென்றால் எனக்கு அன்று சோறு இறங்காது. தலைவர் தோற்கவேண்டும், நாடு தோற்கவேண்டும், நான் சொன்ன கதவு ஓசையோடு மூடவேண்டும். மூடினால் என் சொல் மெய்யாகும். புவனேஸ்வரி அறிவாளி ஆவாள். நான் பொய்யன் அல்லன் என்றாகிவிடும்! லெச்சுமியும், அவளைப் போன்ற நூற்றுக்கணக்கான பெண்களும் தெருவில் நிற்பார்களே என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தே விரும்பினேன்.

ஒருநாள் லெச்சுமி கடைவாயிலில் என்னைக் கண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "ஐயா, எங்க லைன மூடப் போறாங்கன்னு பேசிக்கறாங்க. ஓட்டிய நிறுத்திட்டாங்க. நான் அவள கிண்டல் பண்ணேன்... நீங்க சொன்னதுதான் சரி போல." ஓட்டி என்றால் மிகைநேர வேலை, அதன் ஊதியத்தில்தான் அவள் மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நொடியில் என்னுள்ளே எழுந்தது என்ன தெரியுமா? துயரமன்று. ஒரு களிப்பு! நெஞ்சுக்குள் யாரோ கைதட்டியது போல... "கவலைப்படாதே, அம்மா" என்று வாய் சொல்லிற்று. வீட்டுக்கு வந்து இரண்டு கவளம் கூடுதலாக உண்டேன்.

அடுத்த கிழமையே அது வதந்தி என்று தெரிந்தது. பிரிவை வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள், மூடவில்லை. லெச்சுமி கோயிலில் கற்பூரம் ஏற்றினாள். நான் அவளுக்குப் பக்கத்தில் கைகூப்பி நின்றேன். உள்ளம் சோர்ந்து கிடந்தது. என்னைப் போன்றவன் எந்தத் தெய்வத்தின்முன் நிற்கலாம்? சொல்லுங்கள்!

சென்ற மாதம் புவனேஸ்வரி மீண்டும் வந்தாள். காலைதான். கோவிந்தசாமி இல்லை, மகன் வீட்டுக்குப் போயிருந்தார். மஞ்சள் மேலங்கியோடு வந்தவள் நாற்காலியில் அமரவில்லை.

"ஐயா, பழய கம்பெனிக்கே திரும்ப ஆள் எடுக்கறாங்க. நேரா இல்ல, ஏஜென் மூலமா. கான்ட்ராக்ட்டு. சம்பளம் கொறவு, அட்டை கிட்டை ஒண்ணும் இல்ல. ஆனா அதே டெஸ்டிங் லைனு. நாளைக்கு வேன் வரும், வர்றியான்னு கேக்கறாங்க. க்ளீனிங்க விட்டா இங்க வேற ஆள வச்சிருவாங்க. அங்க போயி, மறுபடி வரி ஏறி, மொதல்ல கான்ட்ராக்ட்ட தொரத்திட்டாங்கன்னா ரெண்டும் போச்சு. தலைவரு மறுபடி பேசப் போறாராமே... நான் என்னா செய்யட்டும்?"

இதோ என் நேரம் என்று எண்ணினேன். எழுந்து நின்றேன்.

"புவனேஸ்வரி... அன்று நீ கேட்டாயே. நான் உன்னிடம்... அன்று நான் உண்மையில்..."

"ஐயா."

கையை உயர்த்தித் தடுத்தாள். கடுமையாகவன்று. பாத்திரம் வழியப் போகும்போது போதும் என்று காட்டுவோமே, அப்படி.

"அத சொல்லாதீங்க ஐயா."

"நீ அறியவேண்டிய ஒன்று, அம்மா."

"எனக்கு வேணாம். லெச்சுமி சொல்லிட்டுத்தான் இருக்கா, நான் ஒண்ணும் காது கேக்காதவ இல்ல. ஆனா நீங்க ஒங்க வாயால சொல்லிட்டீங்கன்னா... நான் எத நெனச்சிக்கிட்டு எங்க வீட்டுக்காரரு மொகத்துல முழிக்கறது? படிச்ச மனுசன் ஆராஞ்சு சொன்னாரு, அதான் செஞ்சேன்னு அவருகிட்ட சொல்லி வச்சிருக்கேன். அது ஒண்ணுதான் இருக்கு. அதயும் எடுத்துக்காதீங்க."

விமானம் ஒன்று தாழப் பறந்து போயிற்று.

"போறதா வேணாமா, அத மட்டும் சொல்லுங்க" என்றாள்.

"எனக்குத் தெரியாது, அம்மா."

என் வாழ்க்கையிலேயே நான் சொன்ன முழு உண்மை அது. அவள் அதைத் தள்ளிவிட்டாள்.

"தெரியாதுன்னு சொல்றதுக்கு எங்க தெருவுல நெறய பேரு இருக்காங்க ஐயா. நீங்க சொல்லுங்க."

என்ன செய்திருக்க வேண்டும்? வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா? அவளை அமரவைத்து, இரண்டு பக்கத்தையும் எடுத்துக் காட்டி, நீயே முடிவு செய் என்று சொல்லியிருக்க வேண்டுமா? அவள் கண்கள் என் வாயிலேயே நிலைத்திருந்தன. மண்டபத்தில் நூற்றுக்கணக்கான கண்கள் நிலைத்திருந்தபோது எனக்குள் ஏறிய அதே சூடு... அன்று இன்பமாய் இருந்தது, இப்போது எரிந்தது.

"போ, அம்மா" என்றேன்.

மீண்டும்! ஆராயாமல்! ஆராய்ந்தும் அறிய முடியாத ஒன்றில், மீண்டும் ஒரு தீர்ப்பு!

அவள் தலையசைத்தாள். நன்றி சொன்னாள். மறுநாள், ஆள் அனுப்பும் முகவரின் வண்டி தெருமுனைக்கு வந்தது. பழைய நீல நிறமில்லை; ஒப்பந்தக்காரர்களுக்கு வேறு நிற மேலங்கியாம். அதை அணிந்து ஏறினாள். மணியம் வாயிலில் நின்று கையசைத்தார். என்னையும் பார்த்துக் கையசைத்தார்.

பேச்சு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. தலைவர் போகிறார், வருகிறார். மக்கள் நம்பாமல் சிரிக்கிறார்கள். தனபாலன் அடுத்த திருவிழாவுக்கும் என்னையே நடுவராகக் கேட்டிருக்கிறார். நான் இன்னும் மறுக்கவில்லை... அதையும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

தொழிற்சாலை நிலைத்தால் அவள் பிழைத்துக்கொள்வாள். ஆனால் அன்று கோவிந்தசாமியின்முன் நான் சொன்னது பொய் என்று நாள்தோறும் ஒரு கட்டடம் நின்று சான்று சொல்லும். மூடினால் என் பழைய சொல் மெய்யாகும். அவள் இரண்டாம் முறையும் தெருவுக்கு வருவாள், இம்முறை என் சொல்லால் உள்ளே போனவளாக. இரண்டில் எது நடக்கட்டும் என்று விரும்புகிறாய் என்று என்னைக் கேளுங்கள்.

அவள் வாழட்டும் என்று உடனே சொல்லிவிடுவேன். நல்ல தமிழில், உரத்த குரலில் சொல்வேன். நீங்கள் நம்பவும் கூடும்.

நம்பாதீர்கள்.